சோணைமுத்துவின் கண்ணில் ஓடிய வாய்க்கால்

ஏழுமடை என்று பேர் வைத்துக்கொண்டு இரண்டே மடையோடு காலம் தள்ளிய ஊர் அது. மற்ற ஐந்தும் எந்த வெள்ளத்தில் தூர்ந்தன, அவற்றின் வாய்க்கால்கள் எந்தக் கருவேலங்காட்டுக்கு அடியில் கிடக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. தெரியும் என்று சொன்னவர்கள் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள், காட்டிய திசை எப்படியோ அவரவர் வயல் பக்கமாகவே இருந்தது. கண்மாய் மூன்று வருஷமாக வறண்டு, உள்ளே பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த ஒரு கோடையில், மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடுகிற ஊர் நீர்பாய்ச்சி சோணைமுத்துவுக்கு நேராக இருந்த கோடுகள் எல்லாம் வளைய ஆரம்பித்தன.

முதலில் வளைந்தது பள்ளிக்கூடத்து முன்னால் நின்ற கரண்டுக் கம்பம். நடுவயிற்றில் வளைந்து நிற்கிறது, யார் தலையிலாவது விழுந்து வைக்கும் என்று அவர் லைன்மேனைத் தேடிப் போய்ச் சொல்ல, லைன்மேன் வந்து, கம்பம் நட்ட நாளில் நின்ற மாதிரியே நிற்பதைப் பார்த்து, சோணைமுத்துவின் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுப் போனார். அடுத்து நிலைக்கதவு வளைந்தது, கட்டில் சட்டம் வளைந்தது, கடைசியில் ஒருநாள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கிப் பெண்டாட்டி ஒச்சம்மாவைப் பார்த்து, “ஏ புள்ள, உனக்கு மூக்கு ஏன் கோணிக்கிட்டுப் போகுது?” என்றார். ஏழு வயதில் காய்ந்த பருத்திமார்க் குச்சி குத்தி இடது கண்ணைத் தொலைத்தவர் அவர். மிச்சம் இருந்தது வலது கண் ஒன்றுதான். மறுநாள் முதல் பஸ்ஸிலேயே ஒச்சம்மா அவரை மதுரைக்குக் கூட்டிப் போனாள்.

கண்ணாஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, கை நரம்பில் மஞ்சள் சாயம் ஏற்றி, கண்ணுக்குள்ளே படம் எடுத்தார்கள். மேலெல்லாம் மஞ்சளேறிப்போய் நலுங்கு வைத்த மாப்பிள்ளை மாதிரி சோணைமுத்து உட்கார்ந்திருக்க, பெண் டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார்.

“ஐயா, கண்ணுக்குப் பின்னாடி ஒரு திரை இருக்கு. நாம பார்க்கிறதெல்லாம் அதுலதான் விழுது. அந்தத் திரைக்கு அடியில, முளைக்கக் கூடாத இடத்துல, ரத்தக் குழாய் முளைச்சுப் படர்ந்திருக்கு. அது கசியுது, கசிஞ்சு திரையை மேல தூக்குது. அதனாலதான் உங்களுக்குக் கோடெல்லாம் வளையுது.”

“சுட்டுப் போட்டுற முடியாதுங்களா?” என்றாள் ஒச்சம்மா. பக்கத்து ஊரில் ஒருவருக்கு லேசரில் சுட்டதாகக் கேள்விப்பட்டிருந்தாள்.

“நடுவுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கும்மா. சுட்டா நடுவும் சேர்ந்து போயிடும். திரையை மெல்லத் தூக்கி, அடியில இருக்கிறதைப் பிடுங்கி எடுக்கணும்.”

ஊசி போட்டே இதை அடக்குகிற வைத்தியம் அப்போது வந்திருக்கவில்லை. டாக்டர் ஒரு தாளைக் கொடுத்தார். சதுரம் சதுரமாகக் கட்டம், நட்ட நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. தினமும் அந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டும், பார்த்தபடியே சுற்றிலும் எந்தக் கட்டம் வளைகிறது என்று கவனிக்க வேண்டும். “எழுத்தும் முகமும் இந்தப் புள்ளியிலதான் ஐயா தெரியும். இது மறையுற வரைக்கும் விட்டுடாதீங்க. மறைஞ்சுட்டா, நான் பிடுங்கி எடுத்தாலும் முகம் திரும்பி வராது,” என்று சொல்லி, அடுத்த புதன்கிழமை ஆபரேஷனுக்கு வரச் சொன்னார். சோணைமுத்து தலையாட்டினார். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கெடுத்தது ஒச்சம்மாவின் வாய். பஸ்ஸில் திரும்பும்போது மடியில் வைத்திருந்த அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தவள், பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “ஏங்க, இது நம்ம ஒண்ணாம் மடை வாய்க்காலும் ரெண்டாம் மடை வாய்க்காலும்ல? அய்யனார் கோயில்ட்ட இப்படித்தான ஒரு முட்டு முட்டித் திரும்பும்? அப்ப இந்த மூணாவது கோடு என்னாங்க?” என்று வாய்விட்டுக் கேட்டாள். முன் சீட்டில் டீக்கடை மச்சக்காளை உட்கார்ந்திருந்தார். சேதி எப்படி பஸ்ஸை முந்தியதோ, நிறுத்தத்தில் அவர்கள் இறங்கியபோது ஊர்த் தலைவரான அம்பலம் மண்வெட்டியோடும் ஆறு ஆளோடும் நின்றுகொண்டிருந்தார்.

படத்தில் மூன்றாவது கோடு போன இடத்தை அளந்து, கருவேலை வெட்டி, ஒரு முழம் மண்ணை விலக்கினார்கள். கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஊறி வந்த தண்ணீர் இல்லை, பீறி வந்ததும் இல்லை. இருபுறமும் கரை கட்டிய வாய்க்காலில், என்றைக்கோ யாரோ திறந்துவிட்டு மறந்துபோன தண்ணீர், மேலே நின்றவர்களைச் சட்டைபண்ணாமல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கண்மாயில் ஒரு கை தண்ணீர் இல்லாத ஊரில் இது எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. வந்த தண்ணீரை வயலுக்குத் திருப்பவே ஆட்களுக்கு நேரம் பத்தவில்லை.

ஏழுமடைக்காரர்கள் அதற்குப் பழகிக்கொள்ள நான்கு நாள் ஆனது. டாக்டர் கொடுத்த தாளைப் போலவே சாவடிச் சுவரில் கட்டம் வரைந்தார்கள். ஒரு கட்டத்துக்கு இத்தனை வயல் என்று கணக்காக ஊரின் நன்செய் முழுவதையும் அதில் அடக்கினார்கள். விடிந்ததும் சோணைமுத்துவைக் கூட்டி வந்து சுவருக்கு முன் நிறுத்த, அவர் நடுப்புள்ளியைப் பார்த்தபடி, “மேற்கால நாலாவது கட்டம் வளையுது, அதுக்குக் கீழ ரெண்டு கட்டம் நெளியுது,” என்று சொல்லச் சொல்ல, கரிக்கட்டியால் கோடு இழுத்து, இழுத்த இடத்துக்கு மண்வெட்டியோடு ஓடினார்கள், ஓடித் தோண்டின இடத்திலெல்லாம் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் சாப்பிட்டாச்சா என்று கேட்பதை விட்டுவிட்டுக் கண் எப்படி என்று கேட்டார்கள். அம்பலம் வீட்டிலிருந்து ஈரல் வந்தது, மச்சக்காளை வீட்டிலிருந்து முருங்கைக்கீரை வந்தது, ரத்தம் ஊற ஊற வாய்க்கால் நீளும் என்று ஊரே அவருக்கு ஊட்டிவிட்டது. பொதுப்பணித்துறை என்ஜினீயர் ஒருவர் ஜீப்பில் வந்து, தண்ணீரையும் பார்த்து, சோணைமுத்துவின் கண்ணையும் டார்ச் அடித்துப் பார்த்து, நோட்டில் ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதிக்கொண்டு போனார்.

புதன்கிழமை வந்தது. காலையில் ஒச்சம்மா பையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது வாசலில் இருபது பேர் நின்றார்கள்.

“ஒரே ஒரு புதன்கிழமை தள்ளுங்க மாமா. நாலாம் மடை பாதியில நிக்குது,” என்றான் முன்னால் நின்ற ஓர் இளைஞன்.

“அவருக்கு இருக்கிறது ஒத்தக் கண்ணுப்பா,” என்றாள் ஒச்சம்மா.

“எங்களுக்கு இருக்கிறதும் ஒத்த வயக்காடுதான் அத்தை,” என்றான் அவன். ஒச்சம்மா பையை வாசல்படியில் இறக்கி வைத்தாள்.

ஆனாலும் சோணைமுத்து தங்கியது அவர்களுக்காக இல்லை என்பது ஒச்சம்மாவுக்குத் தெரியும். சாவடிச் சுவரில் கட்டம் வரைந்த அன்று, எந்தக் கட்டம் யார் வயல் என்று எல்லாரும் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் மட்டும் போய் நடுப்புள்ளியின் மேல் விரலை வைத்து, வைத்த விரலை எடுக்காமல் நின்றதை அவள் பார்த்தாள். எந்த மடைத் தண்ணீரும் சுற்றிச் சுற்றி ஓடிக் கடைசியாகப் போய் முடிகிற வயல், கடைமடை, அந்தப் புள்ளியில் இருந்தது. அது பஞ்சவர்ணத்தின் வயல்.

நீர்பாய்ச்சிக்கு ஏழுமடையில் ஒரே ஒரு சட்டம்தான். மடையைத் திறக்கலாம், யார் சொன்னாலும் திறக்கலாம். திறந்துவிட்டால், கடைமடை நனைகிற வரைக்கும் சாமியே வந்து சொன்னாலும் அடைக்கக் கூடாது. சோணைமுத்து அதை ஒரு தடவைதான் மீறினார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், கதிர் பால்பிடிக்கிற பருவத்தில், கடைமடைக்கு இன்னும் கால்மைல் இருக்கும்போது, மகள் செவ்வந்திக்கு ஜன்னி கண்டு கண் சொருகிவிட்டது என்று ஒச்சம்மா ஆள் விட்டாள். அவர் மடையை அடைத்துவிட்டு ஓடிவந்தார். பிள்ளை அன்று மாலையே போய்விட்டது. நாலு நாள் கழித்து அவர் எழுந்து மடைக்குப் போனபோது கடைமடைப் பயிர் மொத்தமும் பதராகியிருந்தது, அந்த வாரத்திலேயே பஞ்சவர்ணத்தின் புருஷன் சடையாண்டி பயிருக்கு வாங்கிவைத்த மருந்தைக் குடித்துச் செத்துப்போனான். பஞ்சவர்ணம் அதற்காக அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை, கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அந்த வயல் அன்றைக்குக் காய்ந்தது, அப்புறம் அவள் அதை உழவும் இல்லை, அது நனையவும் இல்லை.

ஒரு புதன்கிழமை போய் இரண்டானது, மூன்றானது. மூன்றாம் மடை, நாலாம் மடை, ஐந்தாம் மடை எல்லாம் கிடைத்துவிட்டன. அவரவர் வயல் நனைந்ததும் ஊரின் குணம் மாறியது. வாய்க்கால் இன்னும் நீண்டால், ஓடுகிற தண்ணீர் இன்னும் பங்காகும் என்கிற கணக்கு முதலில் அம்பலத்துக்குத்தான் பட்டது. அன்று சாயங்காலமே அவர் வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“என்ன இருந்தாலும் மனுசனுக்குக் கண்ணுதானப்பா முக்கியம். நாளைக்கே போ. நான் கார் சொல்லிவிடுறேன். ஊருக்காக நீ பட்டதெல்லாம் போதும்.”

மறுநாள் மச்சக்காளை வந்து அதையே சொன்னார், அதற்கு மறுநாள், ஒத்த வயக்காடு என்று சொன்னவன் வந்து, “பாவம் மாமா நீங்க,” என்றான். ஈரலும் முருங்கைக்கீரையும் நின்றுபோயின. இத்தனை நாளாய் ஒச்சம்மா தனியாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது ஊரே சொன்னது, சொன்ன ஒவ்வொரு வாய்க்கும் பின்னால் பஞ்சவர்ணத்தின் வயலுக்குத் தண்ணீர் போகக் கூடாது என்கிற நினைப்பு இருந்தது, அந்தக் கூட்டத்தில் தன் குரலும் கலந்துபோனது அவளுக்கு அசிங்கமாக இருந்தது. அசிங்கமாக இருந்தால் என்ன, அவளுக்கு அவர் கண் வேண்டும்.

“அவுகள்லாம் எதுக்குச் சொல்றாகளோ சொல்லட்டும். நான் உங்களுக்காகச் சொல்றேன். வாங்க, போயிருவோம்,” என்றாள்.

சோணைமுத்து கோபமே இல்லாமல் சொன்னார். “அன்னைக்கும் நீதான கூப்பிட்ட.”

பன்னிரண்டு வருஷத்தில் அவர் அதைச் சொன்னது அந்த ஒரு தடவைதான். ஒச்சம்மா எழுந்து அடுப்படிக்குப் போய், எரியாத அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் அவள் பஞ்சவர்ணத்தைத் தேடிப் போனாள். பஞ்சவர்ணம் தன் வயலில் ஆடுகளை விட்டுவிட்டு வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். ஒச்சம்மா சொன்ன எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, “நான் தண்ணி கேட்டனா மதினி?” என்றாள்.

“கேக்கல. நீ கேக்காததுதான் தாயி அவரைப் போட்டு அரிக்குது. வந்து ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லிரு.”

பஞ்சவர்ணம் அன்றே வந்தாள். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதித்தவள், நின்றபடியே, “அண்ணே, எனக்குத் தண்ணி வேணாம். இனிமே நான் எங்கிட்டு உழுது நடப்போறேன்? நீங்க போய்க் கண்ணைப் பாருங்க,” என்றாள்.

சோணைமுத்து குரல் வந்த பக்கம் திரும்பினார். “வேணாம்னு சொல்றது உன் உரிமை ஆத்தா. அடைக்கிறதுக்கு எனக்கு உரிமை இல்லையே.”

பஞ்சவர்ணம் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். புருஷன் செத்த அன்று அழாதவள் என்று ஊர் அவளைப் பேசியிருந்தது. சோணைமுத்து அவள் அழுது முடிக்கும் வரை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை காலை, சாவடிக்குக் கிளம்பியவர் வாசலில் நின்றார். கிழக்கு வெயில் நிலைப்படிக்குள் விழுந்திருந்தது. ஒச்சம்மா முதுகைக் காட்டிக்கொண்டு சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒச்சு, இங்கிட்டு ஒருக்காத் திரும்பு.”

“திரும்பி?”

“சும்மா திரும்பேன்.”

“மூஞ்சியப் பாத்து என்ன ஆகப்போகுது? போயி உங்க கட்டத்தைப் பாருங்க,” என்றாள் அவள். கோபமும் இருந்தது, அழுத கண்ணைக் காட்டக் கூடாது என்கிற வீம்பும் இருந்தது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். அவள் அரிசியை வேகமாகப் புடைத்தாள். செருப்புச் சத்தம் தெருவில் இறங்கிப் போவது கேட்டது.

சாவடிச் சுவருக்கு முன்னால் அன்றைக்கு யாருமே இல்லை. ஊருக்கு அந்தக் கட்டத்தால் இனி ஆவது எதுவும் இல்லை. அவர் தனியாக நின்று நடுப்புள்ளியைப் பார்த்தார். புள்ளி இருந்தது, கொஞ்சம் அசைந்தது, அப்புறம் இல்லை. அந்த இடத்தில் புகை மாதிரி ஒன்று வந்து உட்கார்ந்தது. அவர் கையால் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து, தட்டுத்தடுமாறிக் கடைமடைக்கு நடந்தார். அவர் போய்ச் சேர்வதற்கு முன்பே பஞ்சவர்ணத்தின் ஆடுகள் ஈர மண்ணில் கால் வைக்க மாட்டாமல் வரப்பில் ஏறி நின்றன. யாரும் தோண்டாத ஆறாம், ஏழாம் மடை வாய்க்கால்கள் தாமாகவே திறந்துகொண்டு, வெடித்த வெடிப்புக்குள்ளெல்லாம் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, இறங்குகிற சத்தம் அந்த வெளி முழுக்கக் கேட்டது. அவர் வயலுக்குள் இறங்கி, கணுக்கால் நனைகிறவரை நின்றார். அப்புறம் வீட்டுக்கு வந்து, “கிளம்பு, ஆசுபத்திரிக்குப் போவோம்,” என்றார்.

டாக்டர் அவரைத் திட்டவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். “நடு போயிடுச்சும்மா. இருந்தாலும் எடுத்துடலாம். விட்டா சுத்தி இருக்கிறதையும் தின்னுடும்,” என்றார்.

ஆபரேஷன் நடந்த அன்று ஏழுமடையிலிருந்து ஒருவரும் மதுரைக்கு வரவில்லை. வராமல் இருந்தார்களே தவிர, யாரும் வீட்டில் இருக்கவில்லை. பொழுது ஏறியதும் ஆண்களும் பெண்களும் அவரவர் வாய்க்கால் கரையில் போய் வரிசையாக நின்று, கண்ணுக்குள்ளே வேர் பிடுங்கப்படுகிறபோது இங்கே தண்ணீர் நின்றுவிடுமா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். டாக்டர் வெள்ளை விழியில் மூன்று சிறு துளை போட்டு, திரையைத் தண்ணீர் விட்டு மெல்ல எழுப்பி, அடியில் கிடந்ததை நுனி இடுக்கியால் பிடித்து வெளியே இழுத்த அந்த நேரத்தில், ஐந்து வாய்க்கால்களிலும் ஓடிய தண்ணீர் ஒரு மூச்சு நின்றது. மிதந்து வந்த இலைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அம்பலம் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். அடுத்த மூச்சில் தண்ணீர் பழையபடி போனது, இலைகளும் போயின. எல்லாரும் பெருமூச்சு விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். பஞ்சவர்ணம் மட்டும் தண்ணீரைப் பார்க்காமல் மதுரை இருக்கிற திசையைப் பார்த்து நின்றதாக, பிறகு யாரோ ஒச்சம்மாவிடம் சொன்னார்கள்.

திரை ஒட்டிக்கொள்வதற்காகக் கண்ணுக்குள் காற்றுக் குமிழ் விட்டிருந்தார்கள். பத்து நாள் குப்புறவே படுக்க வேண்டும், தலையைத் தூக்கக் கூடாது. சோணைமுத்து கட்டிலின் ஓரத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுப் படுத்துக்கிடக்க, ஒச்சம்மா அவர் முகத்துக்கு நேர்கீழே தரையில் பாயை விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டு, கீழேயிருந்து கஞ்சி ஊட்டினாள், வாய் துடைத்தாள், பேசினாள். கல்யாணமான நாளிலிருந்து அத்தனை நேரம் அவர் முகம் அவளுக்கு நேராக இருந்ததில்லை. எந்நேரமும் கரையிலும் மடையிலும் கிடந்த மனுஷன்.

“என்ன தெரியுது?” என்று தினமும் கேட்டாள்.

“குமிழி ஆடுது,” என்பார். ஒன்பதாம் நாள், “இன்னைக்கு?” என்று கேட்டபோது, “ஓரத்துல உன் வளையல் தெரியுது,” என்றார். அவள் வளையல் கையை மெல்ல முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். கை நடுவுக்கு வந்ததும் அவர் கண் அதைத் தொலைத்துவிட்டு மேலும் கீழும் தேடியது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்பிய பின் சோணைமுத்து பழையபடி மடைக்குப் போனார். கரை தெரிந்தது, கால்வைக்கிற இடம் தெரிந்தது, தண்ணீர் வரும் பக்கமும் போகும் பக்கமும் தெரிந்தன. ஆள் முகம்தான் தெரியவில்லை. யாராவது எதிரில் நின்று பேசினால் அவர் தலையை ஒருபக்கம் திருப்பி வேறெங்கோ பார்த்தார். ஓரக்கண்ணில்தான் ஆள் இருந்தார்கள். ஊருக்கு நல்லது செய்துவிட்ட கிறுக்கு, முகம்கொடுத்துப் பேச மாட்டேன்கிறான் என்று அம்பலம் டீக்கடையில் குறைப்பட்டுக்கொண்டார். சாவடிக்கு வெள்ளையடித்தபோது கட்டமும் போய்விட்டது. தை மாதம் பஞ்சவர்ணம் ஒரு மரக்கால் புதுநெல்லைக் கொண்டுவந்து, அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். அவர் குனிந்து நெல்லைக் கையால் அளைந்து, ஒன்றை எடுத்து நகத்தால் உரித்து, பதர் இல்லை, உள்ளே அரிசி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வைத்தார்.

அன்று காலையும் கிழக்கு வெயில் நிலைப்படிக்குள் விழுந்திருந்தது. ஒச்சம்மா கைவேலையைப் போட்டுவிட்டு, போய் வெயிலில் நின்றுகொண்டு, அவர் பக்கம் திரும்பினாள்.

“இந்தா பாருங்க. திரும்பிட்டேன்.”

அவர் நேராகப் பார்த்தார். அவர் கண் அவள் முகத்தில் பட்டு, அங்கே எதுவும் இல்லாததைப் போல அப்படியே நின்றது. பிறகு அவர் முகத்தை மெல்லத் திருப்பி, அவளை விட்டு விலக்கி, சுவரைப் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டார்.

“இப்பத் தெரியுற,” என்றார் சுவரைப் பார்த்தபடி. “மூக்குகூட நேராத்தான் இருக்கு.”

அவள் நகரவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு அங்கே போய் நின்றாள், அதற்கு மறுநாளும் நின்றாள். அவர் ஒவ்வொரு நாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளைப் பார்த்தார். இருவரில் நேராகப் பார்த்தது அவள் மட்டும்தான்.